காலமாயிட்டார்

சிரிக்கிறார்கள். அந்தத் தாடிக்காரன் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, மைக்கைக் கம்பியிலிருந்து கழற்றிக் கம்பியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு "என்ன சென்னை, எப்படி இருக்கீங்க?" என்றான், அவ்வளவுதான், அதற்குள் பின்வரிசையில் யாரோ ஒருத்தி கொலுசு அறுந்து விழுந்த மாதிரி சிரிக்கிறாள். எதற்கு? சென்னை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கா? காசு கொடுத்து உட்கார்ந்தாயிற்று, சிரிக்காமல் போனால் நஷ்டம் என்று நினைக்கிற ஜனம். பக்கத்தில் லில்லி புஷ்பமும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். எதிர் ஃபிளாட்டுக்காரி, நல்லவள்தான், இந்த டிக்கெட்டை அவள் போனில்தான் எடுத்தோம், ஆனால் இவள் லிஃப்ட் கதவு மூடினாலும் சிரிப்பாள். "டீச்சர், உங்க பையன் எப்ப வருவாரு?" என்று காதோரம் கேட்கிறாள். கடைசியில் வருவான். பெரிய ஆள் கடைசியில்தான் வருவானாம். அதுவரை இந்த மாதிரி இரண்டு பேர் வந்து கூட்டத்தைச் சூடுபண்ணுவார்களாம், வெந்நீர் அடுப்பு மாதிரி. அவனுக்கு நான் வந்திருப்பது தெரியாது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் வழக்கம் போல போன் பண்ணினான், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடட்டுமா. வெச்சிடு என்றேன். சாயங்காலம் உன் காமெடி நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஊர் பேர் தெரியாதவனெல்லாம் சொல்லாமல்தானே வந்து உட்கார்கிறான். ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். தாடிக்காரன் எஞ்சினியரிங்கில் தான் வைத்த அரியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தோற்றதை இவ்வளவு பெருமையாகச் சொல்ல நான் கேட்டதில்லை. என் வகுப்பில் ஃபெயிலானவர்கள் கூட இதைவிட அடக்கமாக இருந்தார்கள்.

இவர்கள் செய்கிற தப்பு என்னவென்று எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்கத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வரும் வரை கேட்கிறவன் காத்துக்கொண்டிருக்கிறான், வந்தானா போனானா அடித்தானா அழுதானா என்று கடைசிச் சொல்லில்தான் தெரியும். சிரிப்பு அங்கே இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். இந்த மூடர்கள் வினைமுற்றைச் சொல்லிவிட்டு அதன் தலையில் ஒரு "மச்சி"யைப் போடுகிறார்கள், "ப்ரோ"வைப் போடுகிறார்கள், "யூ நோ"வைப் போடுகிறார்கள், வெந்த சோற்றில் பச்சைத் தண்ணீரை ஊற்றின மாதிரி ஆகிவிடுகிறது. போனில் நான் பார்க்கிற சுடலைமணி இதைச் செய்யமாட்டான். திருநெல்வேலிக்காரன், பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோனவன் மாதிரி முகம், ரேஷன் கடையைப் பற்றியும் மாமனார் வீட்டு நாயைப் பற்றியும் பேசுவான், முகத்தில் ஓர் அசைவு கிடையாது. சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவான், நீ சிரித்தால் சிரி, சிரிக்காவிட்டால் அது உன் பாடு என்று. அவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் கொடுக்கத் தோன்றுகிறது. அவனுக்கும் முன்னால், மேடையே ஏறாத ஒருத்தி இருந்தாள், எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று டீச்சர் ஜெசிந்தா. தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒவ்வொருவராக எழுந்து, சார் போவது எங்களுக்குப் பேரிழப்பு, கண்ணீர், கடல் என்று பேசினார்கள். ஜெசிந்தா முறை வந்தது. எழுந்தாள். "எல்லாரும் சார் போறது வருத்தம்னு சொன்னாங்க. நானும் சொல்றேன்." உட்கார்ந்துவிட்டாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். அது சிரிப்பு. இது என்ன? இப்போது வந்திருக்கிற பெண் பாவம், கல்யாணத் தரகரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் கிண்டல் செய்கிறாள், கெட்டிக்காரிதான், ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். தட்டு ஏந்துகிற பார்வை. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் இறுகிக்கொள்கிறது. லில்லி புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "சரியான வாயாடி, இல்ல டீச்சர்?" உம் என்கிறேன்.

அம்பலவாணனும் இப்படித்தான் சிரிப்பார். என் வீட்டுக்காரர். டிவியில் காமெடி வந்தால் அது வருவதற்கு முன்னாலேயே சிரிப்பார், "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று தொடையைத் தட்டிக்கொண்டு, நூறு தடவை பார்த்ததையே. தகரக்கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மின்வாரியத்தில் வேலை, கம்பத்தில் ஏறி இறங்கி மேலே வந்தவர், படிப்பு குறைவு, அதைவிட இலக்கணம் குறைவு. அதுவாவது இயல்பாகக் குறைந்திருந்தால் மன்னித்திருப்பேன். வேண்டுமென்றே தப்பாகப் பேசுவார். "அரசி, பால்காரன் வந்துச்சு." வந்துச்சு இல்ல, வந்தான். "அரசி, மாடு தெருவுல நிக்கிறாரு." நிக்குது. திருத்துவேன். திருத்தாமல் என்னால் இருக்க முடியாது, அது அவருக்குத் தெரியும். நான் திருத்திய உடனே அந்தத் தகரக்கூரைச் சிரிப்பு. இதில் என்ன இருக்கிறது சிரிக்க என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, "நீ சொல்றப்ப உன் மூஞ்சியைப் பாக்கணும்" என்பார். சின்னவனாக இருந்த என் பையன் பரிதியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் கரண்டியைக் கழுவிக்கொண்டு நிற்பேன், முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பது கேட்டுக்கொண்டிருக்கும், முதுகு காது மாதிரி விறைத்துக்கொள்ளும். மட்டமான ரசனை என்று நினைத்துக்கொள்வேன். ரசனையில்லாத மனிதர்களோடு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று. கைதட்டுகிறார்கள். விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது. இவன் வந்துவிட்டான்.

இளம்பரிதி. நான் வைத்த பெயர். போஸ்டரில் 'பரிதி' என்று பாதியை வெட்டிவிட்டான். கறுப்புச் சட்டை, கசங்கல், வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லையா. மெலிந்திருக்கிறான். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்தபோது அவன் முதுகைப் பார்த்தேன். பனியன் மாதிரி ஒரு சட்டை, அதன் முதுகில் கொட்டை எழுத்தில் 'உயர்திணை!' இன்னும் நாலைந்து பேர் அதே சட்டையில் இருக்கிறார்கள். அந்தச் சொல் வருகிற இவன் வீடியோவை முதன்முதலில் எனக்குக் காட்டியவள் இந்த லில்லி புஷ்பம்தான். "டீச்சர், உங்க பையன் உங்களை எவ்வளவு தத்ரூபமா செய்றாரு பாருங்க" என்று போனைக் கொண்டுவந்து நீட்டினாள், எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமலே. பார்த்தேன். லட்சக்கணக்கான பேர் எனக்கு முன்னாலேயே பார்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளேயிருந்து ஒரு சின்ன டாக்டர் வருகிறார். "சாரி மேடம், பேஷன்ட் காலமாயிடுச்சு." அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறாள், விரலை நீட்டுகிறாள். "காலமாயிடுச்சு இல்ல. காலமாயிட்டார். உயர்திணை!" டாக்டர் பயந்துபோய் "சாரி மேடம், காலமாயிட்டார் மேடம்" என்கிறார். அந்த வழியாக வந்த நர்ஸ் சிரித்து, கையிலிருந்த தட்டைக் கீழே போடுகிறாள். அரங்கம் அதிர்கிறது. நான் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் நானே என் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு விடைத்தாள் திருத்துகிற மாதிரி. நான் விரலை நீட்டவில்லை. 'உயர்திணை' என்று சொல்லவே இல்லை. அந்தச் சொல்லை இவன் சேர்த்தான், புரியாத மண்டைகளுக்குப் புரிய வேண்டுமே என்று, காலமாயிட்டார் என்று முடிந்த இடத்தில் நிற்கத் தெரியாமல். இப்போது நான் சொல்லாத சொல்லை முதுகில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் சொன்னது இவ்வளவுதான், "காலமாயிட்டார்." மெதுவாகத்தான் சொன்னேன். பஸ் போயிடுச்சு, கரண்ட் போயிடுச்சு, பால் திரிஞ்சுடுச்சு, அந்த வரிசையில் அவரையும் சேர்த்து ஒரு 'டுச்சு' போட்டுவிட்டார் அந்த டாக்டர். காலையில் காப்பி கேட்ட மனிதர். கதவுக்கு அந்தப்பக்கம் இன்னும் உடம்பு சூடாகத்தான் இருந்திருக்கும், அதற்குள் அவர் 'அது'. நான் திருத்தினேன். வேறு என்ன செய்வது, என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ் இல்லை. நர்ஸே அங்கே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த இவன். மூக்கு வழியாக வெடித்து வந்தது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான், பொத்தினது போதவில்லை, அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். நான் அவனைத் தூக்கவில்லை. அப்பா செத்ததற்குச் சிரித்தவன் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. அதை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை, அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் தன் சிரிப்பை நர்ஸின் வாயில் கொண்டுபோய் வைத்துவிட்டான். கோழை. அம்மாவைச் சந்தியில் நிறுத்தத் தைரியம் இருக்கிறது, தன்னை நிறுத்த இல்லை.

நன்றாகத்தான் பேசுகிறான், அதைச் சொல்ல வேண்டும். இவனிடம் மச்சி கிடையாது. வாடகைக்கு வீடு பார்க்கப்போன கதையைச் சொல்கிறான், வீட்டுக்காரர் இவனுடைய தொழில் என்ன என்று கேட்கிறார், காமெடி என்கிறான், "அது சரி தம்பி, தொழில்?" அந்த இடத்தில் நிறுத்துகிறான். நிறுத்தத் தெரிந்திருக்கிறது. எனக்கு உதட்டோரம் ஏதோ இழுத்தது, அடக்கிக்கொண்டேன். இப்போது கூட்டத்தோடு பேசப்போகிறானாம், அரங்கத்து விளக்கை எல்லாம் போடச் சொல்கிறான். வெளிச்சம் வந்து என் மடியில் விழுகிறது. முதல் வரிசையில் ஒருவனிடம் எந்த ஊர் என்கிறான், இரண்டாவது வரிசையில் ஒரு ஜோடியிடம் ஏதோ கேட்கிறான், அப்படியே கண்ணை நகர்த்திக்கொண்டு வருகிறான். என்மேல் வந்து நின்றது. வாய் திறந்தபடி இருக்க வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. வினைமுற்று வரவே இல்லை. கூட்டம் அதையும் ஒரு ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறது, மடையர்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறான். முதல்முதலாக மாறுவேடப் போட்டியில் பாரதியாராக ஏறி வரியை மறந்தபோதும் இப்படித்தான் நின்றான். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான், டிராஃபிக்கைப் பற்றி, ஆன்லைன் மீட்டிங்கைப் பற்றி, யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய சரக்கு, தாடிக்காரன் சரக்கு. கண் மட்டும் என் பக்கம் வராமல் சுற்றிச் சுற்றிப் போகிறது. சிரிப்பு தேய்கிறது. பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான், "தலைவா, உயர்திணை!" இன்னொருவன். அப்புறம் நாலைந்து சட்டைகளும் சேர்ந்து, "உயர்திணை! உயர்திணை!" சினிமாக் கொட்டகை மாதிரி கால் தட்டுகிறார்கள். லில்லி புஷ்பம் என் கையைப் பிடிக்கிறாள், அவள் விரல் சில்லென்று இருக்கிறது. இவ்வளவு நேரத்துக்கு அவளுக்கு உறைத்திருக்கிறது. "டீச்சர், போயிடலாமா?" எதற்குப் போக வேண்டும்? போகவேண்டியவன் அவன். செய்யேன்டா. உலகம் பூராவும் செய்தாயே, துபாயில் செய்தாயே, சிங்கப்பூரில் செய்தாயே, நான் உட்கார்ந்திருக்கும்போது செய்ய மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா. இந்த இரக்கத்தை யார் கேட்டார்கள் உன்னிடம். இது எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், முட்டாள், நான் இல்லாத இடத்தில் சொன்னதைவிட இதுதான் பெரிய அவமானம். அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைக்கிறான். காலடியைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான், "ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கு அது கிடையாது. விட்டுடுங்க. அந்த ஜோக் செத்துப்போச்சு."

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல், அதற்கு மைக் வேண்டாம். "சரிதான். ஜோக் அஃறிணை. செத்துப்போச்சுன்னு சொல்லலாம்."

தலைகள் திரும்புகின்றன, யாரோ "ஐயோ, இவரு அம்மாடா" என்கிறான், அப்புறம் விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை நான் என் வாழ்நாளில் என் பக்கம் வந்து கேட்டதில்லை. நாற்காலிகள் ஆடுகின்றன. உள்ளங்கால் வழியாக ஏறுகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த முதுகுக்காரன் கும்பிடுகிறான். இதுதானா? இதற்காகத்தான் இந்தப் பிச்சைக்காரர்கள் எல்லாரும் இப்படி அலைகிறார்களா? வெல்லம் தின்ற நாக்கு மாதிரி இன்னொன்று வேண்டும் போலிருக்கிறது, இப்போதே. பரிதி மேடையிலிருந்து இறங்கி நடந்து வருகிறான், விளக்கும் கூடவே வருகிறது. முகம் வெளுத்திருக்கிறது. ஆனால் தொழில்காரன், சிரித்துக்கொண்டே "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், ஒரிஜினல்!" என்று சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டுகிறான். மறுபடி சத்தம். மைக் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கிறது, அவன் கைச் சூடு அதில் இருக்கிறது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், நான் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள், அது தெரிகிறது. என்ன சொல்வது என்பதும் தெரிகிறது. முதலில் நர்ஸைச் சொல்ல வேண்டும், பாவப்பட்ட நர்ஸ். அங்கே ஒரு மூச்சு. அப்புறம் இவன். சீ, நான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் செத்த வராந்தாவை எடுத்து எங்கே நிறுத்த வேண்டும் எங்கே விட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இவனும் இப்படித்தான் ஏதோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து அடுக்கியிருப்பான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மைக்கிலிருந்து தள்ளி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறான், "அம்மா. அது வேண்டாம்மா." இவனுக்கு வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. எனக்கு யாரும் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. நான் மைக்கை வாயருகே கொண்டுபோகிறேன்.

"இவன் சொல்ற கதையில ஒரு தப்பு இருக்கு. நர்ஸ் சிரிக்கல. அங்க நர்ஸே கிடையாது." மூச்சு. "சிரிச்சது இவன்."

சிரிப்பு முந்தினதைவிடப் பெரிதாக வந்தது, விசில், கைதட்டல், லில்லி புஷ்பம் கூட. பரிதி சிரிக்கவில்லை. பல் தெரிகிறது, ஆனால் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் எல்லாம் நின்றுபோய், தாடை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் சரிவதற்கு முன்னால் இருந்த முகம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தின அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும், கண்ணாடியில் நான் பார்க்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். உட்கார்ந்துவிட வேண்டும், ஜெசிந்தாவாக இருந்தால் உட்கார்ந்திருப்பாள். கால் உட்கார மறுக்கிறது. வாய் தானாகத் திறக்கிறது. அடுக்காத ஒன்று, என்னவென்று எனக்கே தெரியாத ஒன்று, மூச்சு விடக்கூட இடம் இல்லாமல் வருகிறது.

"இவங்க அப்பா கேட்டிருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு."

முதலில் யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் விட்டுவிட்டான். அப்புறம் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய கூடத்தில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். எந்த வரிசையிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. இந்த மௌனத்தில்தான் இவர்கள் ஒவ்வொரு நாளும் நிற்கிறார்களா, ஆடை இல்லாத மாதிரி இருக்கிறது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பரிதி என்னைப் பார்க்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவன், ஒரு சின்னக் கிண்டல், கூட்டம் நன்றியோடு சிரித்துவிடும், நாங்கள் இரண்டு பேரும் தப்பித்துவிடுவோம். அவன் தொழிலே அது. வாயைத் திறந்தான். பார்த்தேன், நாக்கு நுனி வரை ஏதோ வந்தது, நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும்.

மூடிக்கொண்டான். மைக்கைக் கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கட்டும் என்று, பேசாமல் நின்றான். இன்றைக்கு இந்த மேடைக்காரர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.